மறந்துவிடு, கொட்டிவிடு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் பிளந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலைகள் நாகப்பட்டினத்தை அடைந்தன. இலங்கையின் கிழக்குக் கரையை அதற்குச் சற்று முன்பே தொட்டுவிட்டன. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் நாகை மாவட்டத்துக்காரர்கள்.

அடுத்த சில வாரங்களில் அரிசி வந்தது, கூடாரம் வந்தது, படகும் வலையும் வந்தன. கூடவே, உலகின் பல மூலைகளிலிருந்தும் மனநல ஆலோசகர்கள் வந்தார்கள். குறிப்பாக இலங்கையில் அவர்கள் கூட்டம் அதிகம். முகாமுக்கு முகாம் உட்கார்ந்து, கண்டதைச் சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகள் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். மனதுக்குள் அடைத்து வைத்தால் நோயாகிவிடும், கொட்டிவிட்டால் போய்விடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதே முகாமில் கிழவிகள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “நடந்தது நடந்துபோச்சு. அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே. எழுந்திரிச்சு ஆக வேண்டியதைப் பாரு.”

இந்த இரண்டு யோசனைகளும் நல்லெண்ணத்தில் பிறந்தவைதான். துயரப்பட்ட ஒருவரிடம் நாம் எல்லோரும் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருப்போம். இரண்டும் எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் தவறு என்று கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

முதலில், இப்படிப்பட்ட துயரம் சிலரிடம் விட்டுச்செல்லும் நோயைப் பார்த்துவிடுவோம். பி.டி.எஸ்.டி என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்வதை யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் மனவடு என்கிறார்கள். ஒரு மீனவரைக் கற்பனை செய்துகொள்வோம். சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர். ஆறு மாதம் ஆகிறது. புதுப் படகு கிடைத்தும் கடலுக்குப் போகவில்லை. கரைப்பக்கம் போகும் பாதையையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார். தெருவில் கனத்த லாரி ஒன்று இரைந்துகொண்டு வந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து ஓடத் தயாராகிவிடுகிறார். வந்தது லாரி என்று தெரிந்த பிறகும் நெஞ்சு அடங்கக் கால் மணி நேரம் ஆகிறது. இரவில் கனவு. கனவில் அலை வருவதில்லை, மகளின் கை நழுவுவது மட்டும் வருகிறது. மனைவி மீது எரிந்து விழுகிறார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதாக உணர்கிறார். தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். கேட்டால், “எனக்கு ஒண்ணுமில்ல, உடம்புதான் சரியில்ல” என்பார்.

மருத்துவ நூல்கள் நான்கு தலைப்புகளில் பிரித்துச் சொல்வது இவர் ஒருவரிடமே இருக்கிறது. வேண்டாதபோது வந்து தாக்கும் நினைவு, அந்த நினைவைத் தூண்டும் எதையும் விட்டு ஒதுங்குதல், தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் கறுத்துப்போதல், எந்நேரமும் உடல் விழிப்பு நிலையிலேயே இருத்தல். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைத்தால்தான் அது பி.டி.எஸ்.டி. மூல நிகழ்வுக்கும் ஒரு வரையறை உண்டு: சாவு, சாவின் அச்சுறுத்தல், கடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்றைத் தானே அனுபவித்திருக்க வேண்டும், அல்லது நேரில் கண்டிருக்க வேண்டும், அல்லது நெருங்கிய ஒருவருக்கு அப்படி நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும். பிணங்களைத் திரும்பத் திரும்பக் கையாளும் மீட்புப் பணியாளரும் இதில் சேர்வார். மேலதிகாரி திட்டியதையெல்லாம் ‘ட்ராமா’ என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த வேதனை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே பேசப்படுவது அது அல்ல.

நம்மூர் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் மேலே சொன்ன நான்கையும் இந்த வரிசையில் சொல்ல மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் போர் நடந்த பல ஆண்டுகள் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார். நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது, பெருமூச்சு வருகிறது என்றுதான் ஆட்கள் வருவார்கள். வலி மாத்திரையும் சத்து ஊசியும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். பிள்ளைகள் என்றால் இன்னும் சிக்கல். அவர்கள் சொல்லவே மாட்டார்கள். விட்டிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வரும், அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொள்வார்கள், நடந்த நிகழ்வையே திரும்பத் திரும்ப விளையாடுவார்கள். அந்த விளையாட்டில் சந்தோஷம் இருக்காது என்பதுதான் அடையாளம்.

மேலே ‘ஒரு மாதம்’ என்று சொன்னேன் அல்லவா, அதை யாரும் போகிற போக்கில் எழுதிவைக்கவில்லை. 1992ல் பார்பரா ராத்பாம், எட்னா ஃபோவா குழுவினர் அமெரிக்காவில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களை வாரந்தோறும் சந்தித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் 94 சதவீதம் பேரிடம் இந்த அறிகுறிகள் எல்லாம் இருந்தன. மூன்று மாதம் முடியும்போது அது 47 சதவீதமாகக் குறைந்திருந்தது. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மன்ஹாட்டனில் சாண்ட்ரோ கலேயா குழு எடுத்த கணக்கில், முதல் ஒன்றிரண்டு மாதங்களில் 7.5 சதவீதம் பேருக்கு இருந்த பி.டி.எஸ்.டி, ஆறு மாதத்தில் 0.6 சதவீதமாகியிருந்தது.

இந்த எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். முதல் வாரங்களில் தூக்கம் வராததும், கண்ணை மூடினால் அதே காட்சி வருவதும், சத்தம் கேட்டால் தூக்கிப்போடுவதும் நோயல்ல. அடிபட்ட மனம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வேலையின் பக்கவிளைவு என்றே அதைச் சொல்லலாம். பெரும்பாலானோருக்கு எந்த ஆலோசகரும் இல்லாமலே அது குறைந்துவிடுகிறது. ஆனால் ராத்பாம் ஆய்வின் அந்த 47 சதவீதத்தையும் மறக்கக்கூடாது. மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமை, இயற்கை செய்வதைவிட ஆழமாக இறங்குகிறது. 1995ல் ரொனால்ட் கெஸ்லர் குழு வெளியிட்ட அமெரிக்கக் கணக்கெடுப்பிலும் இதே படம்தான்: பாலியல் வல்லுறவுக்கு உள்ளான பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பி.டி.எஸ்.டிக்கு ஆளாகியிருந்தார்கள், இயற்கைப் பேரிடரைக் கண்டவர்களிலோ இருபதில் ஒருவர் அளவுக்குத்தான்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் அது தேங்கிவிடுகிறது?

நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், உங்களுக்கு நினைவு வரும். அந்த நினைவோடு ‘நேற்று’ என்பதும் சேர்ந்தே வரும். நினைவுக்கு இடமும் காலமும் சேர்த்துக் கட்டும் வேலையில் மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகேம்பஸ் முக்கியப் பங்கு வகிக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடித்து உடலை உசுப்பிவிடுவதில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் அமிக்டலாவுக்குப் பெரிய பங்கு. உயிர் போகும் நேரத்தில் மன அழுத்த ஹார்மோன்கள் வெள்ளமாகச் சுரக்கின்றன. அப்போது அமிக்டலா வழியாகச் சத்தம், வாசனை, உடம்பின் நடுக்கம் எல்லாம் அழுத்தமாகப் பதிகின்றன. ஆனால் எது முன், எது பின், எங்கே முடிந்தது என்ற ஒழுங்கு சரியாகப் பதிவதில்லை. ஆகவே நினைவு பிற்பாடு திரும்பும்போது கடந்த காலமாகத் திரும்புவதில்லை. இப்போதே, இங்கேயே நடப்பதாகத் திரும்புகிறது. அன்கே எலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் 2000ல் முன்வைத்த விளக்கத்தின் மையம் இதுதான்: பி.டி.எஸ்.டி உள்ளவர் முடிந்துபோன ஒன்றை எண்ணி வருந்தவில்லை, இன்னும் ஆபத்து தொடர்கிறது என்ற நிலையில் வாழ்கிறார். நம் மீனவரின் உடம்புக்கு அலை இன்னும் வடியவில்லை.

இது ஒரு விளக்கம்தான், முழுக்க நிரூபணமான கதை அல்ல. மூளைப் படங்களைக் காட்டி ‘ட்ராமா மூளையைச் சுருக்கிவிடுகிறது’ என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பி.டி.எஸ்.டி உள்ள வியட்நாம் போர் வீரர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருப்பது முன்பே தெரிந்திருந்தது. 2002ல் மார்க் கில்பர்ட்சன் குழு ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. அந்த வீரர்களுடைய ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களை, போருக்கே போகாத சகோதரர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் மூளையையும் படமெடுத்தது. அவர்களுக்கும் ஹிப்போகேம்பஸ் சிறியதாகத்தான் இருந்தது. அதாவது, அந்தச் சிறுமையில் ஒரு பங்காவது போருக்கு முன்பே இருந்த ஒன்று. சிலர் எளிதில் காயப்படும் உடலமைப்போடு பிறக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு தடயம். மனஉறுதி இல்லாததால் இந்த நோய் வந்தது என்று யாரையும் ஏசுவதற்கு அறிவியலில் இடமில்லை.

ஏசியதற்கோ வரலாற்றில் குறைவில்லை. முதல் உலகப் போரில் நடுங்கியும் பேச்சிழந்தும் வந்த வீரர்களைப் பற்றி 1915ல் சார்லஸ் மையர்ஸ் லான்செட் இதழில் எழுதியபோதுதான் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் மருத்துவ ஏட்டில் ஏறியது. குண்டு வெடித்த அதிர்வு நரம்பைக் குலைத்துவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். குண்டுக்கு அருகிலேயே வராதவர்களும் நடுங்குகிறார்கள் என்று தெரிந்ததும், பல அதிகாரிகள் அதைக் கோழைத்தனம் என்று முடிவு கட்டினார்கள். ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்குமாக பிரிட்டன் தன் படையினர் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் எத்தனை பேர் மனம் சிதைந்தவர்கள் என்று இனி யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. 2006ல்தான் அந்த 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுக்காகப் போராடிய மருத்துவர்களும் விடாமல் முட்டியதால் 1980ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி இடம்பெற்றது.

இனி அந்த இரண்டு யோசனைகளுக்கு வருவோம்.

‘கொட்டிவிடு’ என்பதற்கு ஒரு முறையான வடிவம் உண்டு. அமெரிக்கத் தீயணைப்புப் பணியில் இருந்து உளவியலுக்கு வந்த ஜெஃப்ரி மிட்செல் 1983ல் அதை வகுத்தார். பெயர் டிபிரீஃபிங். விபத்து நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில், என்ன நடந்தது, என்ன நினைத்தீர்கள், எது மிக மோசமாக இருந்தது என்று படிப்படியாகச் சொல்ல வைப்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அது வேகமாகப் பரவி ஒரு தொழிலாகவே ஆனது. பலன் உண்டா என்று யாரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கும் முன்பே காவல் துறை, வங்கி, விமான நிறுவனம் எல்லாம் அதை வாங்கிவிட்டன.

சோதித்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு சங்கடமானது. 1997ல் ஜோனதன் பிஸ்ஸன் குழு தீக்காய நோயாளிகளில் ஒரு பாதிக்கு டிபிரீஃபிங் கொடுத்து, மறு பாதியை விட்டுவிட்டது. 13 மாதம் கழித்துப் பார்த்தால், பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி, பெறாதவர்களில் 9 சதவீதம் பேருக்கு. கொடுக்கப்பட்ட குழுவில் தீக்காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ரிச்சர்ட் மேயூ குழு சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2000ல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம் சாய்ந்தது. தொடக்கத்தில் அதிகம் தத்தளித்தவர்களில், பேச வைக்கப்படாதவர்கள் தேறியிருந்தார்கள். பேச வைக்கப்பட்டவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கிடைத்த சோதனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மீளாய்வு, இந்த ஒற்றை அமர்வு நோயைத் தடுப்பதற்கு ஆதாரமில்லை, கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று முடித்தது. சுனாமி வந்தது இந்த முடிவுகளெல்லாம் அச்சாகி வெளிவந்த பிறகு. இருந்தும் ஆலோசகர்கள் கையில் வண்ணப் பென்சிலோடு விமானம் ஏறினார்கள். உயிர் தப்பியவர்களை வெறும் மனநோயாளிகளாகப் பார்க்காதீர்கள் என்று கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர் அப்போதே கேட்டுக்கொண்டார்கள்.

டிபிரீஃபிங் ஏன் கெடுக்கிறது? உடல் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போது நினைவைக் கிளறினால், அதே அச்சத்தோடு அது இன்னொரு முறை பதியலாம். ஒரே அமர்வில் கொதிப்பு அடங்க நேரமும் கிடைப்பதில்லை. கிளறிவிட்டு ஆலோசகர் அடுத்த முகாமுக்குப் போய்விடுகிறார். தவிர, மனிதர்கள் தாங்களாகவே பேசுவதற்கு ஒரு வேகம் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார்கள், மறுநாள் இன்னொரு வாக்கியம் சொல்வார்கள். அந்த வேகத்தைப் பறிப்பதுதான் தவறு.

அப்படியானால் முகாமில் கிழவி சொன்னது சரியா? முதல் வாரங்களுக்குப் பெரும்பாலும் சரி. எழுந்து அடுப்பைப் பற்றவை, பிள்ளையைக் குளிப்பாட்டு என்பது எந்த ஆலோசகர் சொன்னதையும்விடச் சிறந்த யோசனை. ஆறு மாதம் கழித்தும் அதையே சொன்னால் சிக்கல். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். 1987ல் டேனியல் வெக்னர் அதைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்த்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்கள், தடை நீங்கியதும் மற்றவர்களைவிட அதிகமாக அதை நினைத்தார்கள்.

தவிர்ப்பதால் அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. பயந்த ஒன்றை மூளை பாதுகாப்பானது என்று புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், அதன் அருகே போய், ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்தாக வேண்டும். பழைய பயம் அழிவதில்லை. அதன் மேல் புதிய பாடம் படிகிறது. நம் மீனவர் கரைக்குப் போகும் பாதையைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பாடம் தள்ளிப்போகிறது. தவிர்த்ததும் நெஞ்சு லேசாகிறது அல்லவா, அந்த நிம்மதியே தவிர்ப்பது சரி என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வளையம் அப்படித்தான் இறுகுகிறது. மது அதை இன்னும் இறுக்கும்.

ஆகவே மாதக்கணக்கில் தேங்கிப்போனவருக்குத் தேவைப்படுவது, நினைவை நோக்கித் திரும்புவது. ஆனால் ஒரே மூச்சில் அல்ல, தனியாக அல்ல. எட்னா ஃபோவா வளர்த்தெடுத்த முறையில், நோயாளி கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை முதலிலிருந்து கடைசி வரை நிகழ்காலத்தில் சொல்கிறார், மீண்டும் சொல்கிறார், ஒலிப்பதிவை வீட்டில் கேட்கிறார். எட்டு முதல் பதினைந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. முதல் இரண்டு மூன்று தடவை தாங்க முடியாது. பிறகு, விட்டுப்போன துண்டுகள் வந்து சேரும். ‘அதற்குப் பிறகு யாரோ என்னைத் தூக்கினார்கள்’ என்ற முடிவு வந்து சேரும். முடிந்துபோனது என்பது அறிவுக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்று, உடம்புக்கும் தெரியத் தொடங்கும்.

பட்ரீஷியா ரெசிக் வகுத்த இன்னொரு முறை, காட்சியைவிட அதை ஒட்டிய எண்ணத்தைப் பிடிக்கிறது. சுனாமியில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் எங்கும் கேட்கக்கூடிய சொல் ஒன்று உண்டு: “நான்தான் கையை விட்டுட்டேன்.” மற்றவர்கள் உடனே, “உன் மேல தப்பில்ல” என்பார்கள். அது காதில் ஏறாது, ஏனென்றால் அவர் ஆண்டுக்கணக்கில் மனதுக்குள் வாதாடி, தனக்கெதிராகத் தீர்ப்பு எழுதி முடித்திருக்கிறார். சிகிச்சையாளர் ஆறுதல் சொல்வதில்லை, விசாரிக்கிறார். தண்ணீர் எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் இழுத்தது? கையை விடுவது என்று எப்போது முடிவெடுத்தீர்கள்? முடிவே எடுக்கவில்லை, பிடுங்கப்பட்டது என்று அவர் வாயாலேயே ஒரு நாள் வரும். விடுவதற்கும் பிடுங்கப்படுவதற்கும் இடையிலுள்ள அந்தத் தொலைவைக் கடக்கச் சிலருக்குப் பன்னிரண்டு அமர்வு போதும், சிலருக்குப் போதாது. மிஞ்சுவது துக்கம். துக்கத்துக்கு மருந்து தேவையில்லை.

ஆனால் வாழ்நாளில் ஒரு சாவு மட்டுமா? கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்ட இலங்கைப் போரில் இருந்த ஒருவரிடம், மிக மோசமான ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வார்? ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷாவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் இதற்காகவே ஒரு முறையை உருவாக்கினார்கள். தரையில் ஒரு கயிற்றை நீட்டிவைக்கிறார்கள். அது பிறந்தது முதல் இன்று வரையான வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு வரிசையாக, ஒவ்வொரு கல்லிலும் நின்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சிகிச்சையாளர் எழுதிக்கொள்கிறார், அடுத்த அமர்வில் அதை வாசித்துக் காட்டித் திருத்துகிறார். கடைசியில் அந்த வாழ்க்கை வரலாறு அவர் கையிலேயே கொடுக்கப்படுகிறது. உகாண்டா முகாம் ஒன்றில் சூடான் அகதிகளிடம் இதைச் சோதித்த 2004 ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு இந்த முறையைப் பெற்றவர்களில் 29 சதவீதம் பேரிடமே பி.டி.எஸ்.டி மிஞ்சியது, வெறும் ஆலோசனை பெற்றவர்களில் 79 சதவீதம்.

போரும் சுனாமியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இலங்கையின் வடகிழக்கில், சுனாமிக்குப் பிறகு கிளாடியா கட்டானி குழுவினர் 31 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்தக் கயிற்று முறையின் சிறுவர் வடிவம், மறு பிரிவுக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும். ஆறு ஆறு அமர்வுகள், செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 81 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். வித்தியாசம் பெரிதல்ல. சிகிச்சையே பெறாத மூன்றாம் பிரிவு இல்லாததால், எவ்வளவு தானாகவே குணமாகியிருக்கும் என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. எனக்கு அதில் பிடித்தது வேறு: வெளிநாட்டு நிபுணர் இல்லாமல், பிள்ளைகளின் மொழி பேசுகிறவர்களே இதைச் செய்ய முடிந்தது.

கண்ணை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே நினைவைச் சொல்லும் இ.எம்.டி.ஆர் என்ற முறையும் உண்டு. பிரான்சின் ஷபீரோ 1989ல் வெளியிட்டது. பலன் தருகிறது, கண்ணசைவினால்தான் தருகிறதா என்பதில் சண்டை ஓயவில்லை. மருந்துகளில் செர்ட்ரலின், பராக்சடின் ஆகியவை ஓரளவு உதவுகின்றன. தூக்கத்துக்கென்று கடையில் எளிதாகக் கிடைத்துவிடும் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளை மட்டும் மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். பி.டி.எஸ்.டிக்கு அவை குணம் தருவதில்லை, பழக்கமாகிவிடுகின்றன.

இதுவரை ஒருவருடைய மனதையே பேசினேன். அது பாதிக் கதை. 2009ல் போர் முடிந்த கையோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2011ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பி.டி.எஸ்.டி 7 சதவீதம். பதற்ற நோய் அறிகுறிகள் 32.6 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம். பி.டி.எஸ்.டி என்ற ஒரே வலையை வீசினால் எவ்வளவு தப்பிவிடும் என்பதற்கு இந்த எண்களே சாட்சி. வீடும் ஊரும் உறவும் சிதறிய பிறகு, தனி மனிதனுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, காயம்பட்டது சமூகமே என்பது தயா சோமசுந்தரத்தின் வாதம். ஒப்பாரி, கூத்து, கோயில் நேர்த்தி, தூக்குக் காவடி ஆகியவற்றையெல்லாம் அவர் மருத்துவக் கண்ணோடு கவனித்து, ஆற்றும் வழிகளாகச் சேர்த்துக்கொண்டார். சுனாமிக்குப் பின் நாகை மாவட்டக் கிராமங்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நடத்திய ஆய்விலும் மக்கள் இதையே சொன்னார்கள்: முறையான மனநலச் சேவையைவிடத் தங்கள் குடும்பம், ஊர், நம்பிக்கை ஆகியவைதான் தங்களை எழுப்பின என்று.

எண்களும் அவர்கள் பக்கம் இருக்கின்றன. யாருக்கு பி.டி.எஸ்.டி வருகிறது என்பது பற்றிய ஆய்வுகளையெல்லாம் கிறிஸ் பிரூவின் குழு 2000ல் தொகுத்துப் பார்த்தபோது, மிக வலுவாக நின்ற காரணிகளில் ஒன்று, நிகழ்வுக்குப் பின் பக்கத்தில் ஆள் இல்லாமை. படிப்பு, வயது, பழைய மனநோய் இவற்றையெல்லாம்விட அது பெரிதாக இருந்தது. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணிடம் “அந்த நேரத்தில் அங்கே ஏன் போனே?” என்று கேட்கும் வீடு, இரண்டாம் காயத்தைத் தன் கையாலேயே கொடுக்கிறது. ஒப்பாரி வைக்க ஊர் கூடும் சாவுக்கும், வெளியே சொல்ல முடியாத கொடுமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் நிலை இன்னும் கொடியது. சடலம் இல்லை, சடங்கு இல்லை, முடிந்தது என்று சொல்ல எதுவும் இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் வீதிக்கு வந்து உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கு மாத்திரை தீர்வல்ல. பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அரசு சொல்ல வேண்டிய பதில்தான் அவர்களுக்கான சிகிச்சையின் முதல் படி.

இவ்வளவையும் படித்துவிட்டு உங்கள் வீட்டில், தெருவில் ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நிகழ்வு நடந்து சில நாட்கள்தான் ஆகிறது என்றால், உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது எளிமையானது: பாதுகாப்பான இடமா என்று பாருங்கள், பேசினால் கேளுங்கள், உறவுகளோடும் உதவிகளோடும் சேர்த்துவையுங்கள். சோறு, போர்வை, சார்ஜ் உள்ள ஒரு கைப்பேசி, பக்கத்தில் படுக்க ஓர் ஆள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க விடாதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, ஓர் இடத்தை, ஒரு தெருவை, ஒரு பெயரைச் சுற்றிக்கொண்டு போகிறார், குடி கூடுகிறது, பிள்ளைகளை அடிக்கிறார் என்றால், “இன்னும் அதையேவா நினைச்சுக்கிட்டு இருக்கே” என்று கேட்காதீர்கள். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். உடம்பு வலி என்று அவர் சொன்னால், வலியோடு சேர்த்து அந்த நாளைப் பற்றியும் நீங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். பத்தாண்டு ஆகிவிட்டதே, இனி என்ன என்று விட்டுவிட வேண்டாம். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துச் சிகிச்சைக்கு வந்தவர்களும் தேறியிருக்கிறார்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வாயில் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.